உப்புக் கரிக்காத நெற்றி

ஏப்ரல் 20, சனி

இது மாப்பிள்ளை கொடுத்த டைரி. போன வருடத்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் ஆயிற்று. "பொழுது போகலைன்னா கோலம் கீலம் போட்டுப் பாருங்க அத்தை" என்று சொல்லிக் கொடுத்தார். கோலமா? ஐந்தாம் வகுப்பில் நான் முதல் மாணவி. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்த கை இது. ஆறாவது போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்று மைல் தூரம், அதனால்.

காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறி, மத்தியானம் திருச்சி உறையூருக்கு வந்து சேர்ந்தேன். சம்பந்தியம்மா தனபாக்கியத்துக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு மாதத்துக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். என் மகள் செண்பகமும் மாப்பிள்ளை சுதாகரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் தர்ஷனுக்கு இரண்டே முக்கால் வயது. அவனையும் சம்பந்தியம்மாவையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கூப்பிட்டார்கள், வந்தேன்.

இரண்டாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சாயங்காலம் நம் தலையில் இறக்குகிறது. பிள்ளை படியில் உருண்டுவிடுவான் என்று வாசல் கிரில்லுக்குப் பூட்டு. சாவி சம்பந்தியம்மா தலையணைக்கு அடியில். குளியலறையின் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்கள். அவர் உள்ளே விழுந்துவிட்டால் கதவை உடைக்க வேண்டுமாம். நியாயம்தான். இருந்தாலும் ஒரு பெண்பிள்ளை நிம்மதியாக வாய் கொப்பளிக்கத் தாழ்ப்பாள் வேண்டாமா?

எனக்குப் படுக்கை சம்பந்தியம்மாவின் அறையில். இரண்டு மாதம் எப்படிப் போகப்போகிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

தர்ஷன் மாதிரி கெட்டிக்காரப் பிள்ளை இந்தத் தெருவில் கிடையாது. ஒன்றிலிருந்து இருபதுவரை சொல்கிறான், பதினேழை மட்டும் விட்டுவிட்டு. நிறம் அவன் அப்பா. காது நம் வீட்டுக் காது. தலைமுடி மக்காச்சோளக் குஞ்சம் மாதிரி மெல்லிசு. வாயில் மேலே இரண்டே பல். இரண்டும் முள் மாதிரி கூர். கீழே ஒன்றும் இல்லை, வெறும் ஈறு. அந்த ஈறை வைத்துக்கொண்டே முறுக்கைக் கடகடவென்று அரைக்கிறான். சூரன்.

மத்தியானம் சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

"ஏன் சம்மந்தி, உங்க பக்கம் யாருக்காவது பல்லு இப்படி இருந்துருக்கா? எங்க வம்சத்துல எல்லாருக்கும் பல்லு வரிசை போட்டு நிக்கும். எங்க மாமனார் எம்பது வயசுல கரும்பு கடிச்சாரு."

"எங்க பக்கமும் அப்படித்தான் மதினி" என்றேன். "என்னைப் பாருங்களேன்."

சிரித்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஆமா, அறுபத்திரண்டு வயசுன்னு யாரு சொல்லுவா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சம்பந்தியம்மா வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கிடையாது. அதை நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

வாயில் சின்னப் புண், மேல் ஈறில். உஷ்ணம். மோர் குடித்தேன். சம்பந்தியம்மா சீடை நீட்டினார், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

குளியலறைக் கதவைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் காரியம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குள் "அம்மாச்சி, அம்மாச்சி" என்று தர்ஷன் வந்து கதவைத் தள்ளுகிறான். அரைநிமிடம் கிடைப்பதில்லை.

ஏப்ரல் 24, புதன்

பல் டாக்டரிடம் போனோம். குழந்தைகளுக்கென்றே பல் பார்க்கிற டாக்டராம், பெயர் மெர்லின். சின்னப் பெண். தர்ஷன் அழாமல் வாயைத் திறந்தான். கெட்டிக்காரன் என்று நான் சொன்னது சும்மாவா?

வாய்க்குப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு செண்பகத்திடம் சொன்னது: "முளைக்க லேட்டுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கீங்க. லேட் இல்லம்மா. ஈறுக்குள்ள பல்லோட முளையே இல்ல. பால் பல்லும் இல்ல, அப்புறம் வரவேண்டிய பல்லுக்கும் ஒண்ணு ரெண்டுதான் தெரியுது."

செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனுக்கு வேர்வை வருமா?"

செண்பகம் யோசித்தாள். "நாங்க எல்லாம் நனைஞ்சு கிடப்போம் டாக்டர். இவன் மட்டும் காஞ்சு இருப்பான். நல்ல உடம்புன்னு நினைச்சேன்."

"அடிக்கடி காய்ச்சல்?"

"வெயில் காலத்துல வரும். ரத்தம் எல்லாம் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

டாக்டர் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது. சில பிள்ளைகளுக்குப் பல்லும் முடியும் வேர்வைச் சுரப்பியும் சேர்ந்தே சரியாக உருவாகாதாம். பெரும்பாலும் அம்மா வழியில் வருமாம். பெண்களைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளை முழுசாகப் பிடிக்குமாம். செண்பகத்துக்கு மேல்வரிசையில் ஒரு பல் குச்சி மாதிரி இருப்பதையும் அது கண்டுபிடித்துவிட்டது.

"பாட்டி, உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது பல் இல்லாம இருந்துச்சா? வெயில் தாங்காத பிள்ளை? சின்ன வயசுல காய்ச்சல்ல இறந்துபோன பிள்ளை?"

நான் வாய்ப்புண்ணுக்காக முந்தானையால் வாயை மூடியிருந்தேன். மூடியபடியே, "எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல" என்றேன்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "அண்ணன் ஒருத்தன் இருந்தான்லம்மா? நான் பொறக்கதுக்கு முன்னாடி?"

"அது அம்மை" என்றேன். "அம்மை போட்டுச் செத்தான். ஊரே அறியும்."

டாக்டர் பெண் என்னமோ எழுதியது. பரிசோதனைக்கு அனுப்ப ரத்தம் எடுத்துக்கொண்டது, முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றது. "வீட்ல இன்னொருத்தருக்கு இருந்துச்சுன்னா இப்பவே உறுதியாச் சொல்லிருவேன். ஏன்னா வேர்வை வராத பிள்ளைக்கு இந்த வெயில் ஆபத்து. எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையாவே வச்சுக்குங்க." இருக்கிற இரண்டு பல்லையும் சொத்தை விழாமல் காப்பாற்ற வேண்டுமாம். காலையிலும் சாயங்காலமும் துலக்க வேண்டும், அரிசி அளவு பேஸ்ட் போதும், ஈறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

வரும் வழியில் ஆட்டோவில் தர்ஷன் பதினேழு இல்லாமல் இருபதுவரை எண்ணினான்.

ஏப்ரல் 25, வியாழன்

அரிசி அளவு பேஸ்ட். இரண்டு பல்லைத் துலக்க அரைமணி நேரம். பிரஷைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.

மாப்பிள்ளை ஏர்கூலர் வாங்குவதாக இருந்தாராம். சம்பந்தியம்மா, "அந்தக் குளுந்த காத்து என் முட்டிக்கு ஆவாதுடா. அதான் அவங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்லன்னு சம்மந்தியே சொல்லிட்டாங்களே. வெறும் பல்லு விஷயம். இதுக்குப் போயி" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சரி, ரிசல்ட் வரட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஏப்ரல் 27, சனி

புண் பெரிதாகிவிட்டது. சோற்றைப் பிசைந்து மோர் விட்டுக் குடிக்கிறேன்.

ஏப்ரல் 29, திங்கள்

தர்ஷனின் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டால் மத்தியானம் நன்றாகத் தூங்குகிறான். சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "சளி புடிக்கப் போவுது. ஏன் இப்படி ஈரத்தைப் போடுறீங்க?" என்றார். "தண்ணி கொட்டிக்கிட்டான் மதினி" என்றேன். ஒருநாள் கொட்டலாம். தினம் கொட்டுவானா? நாளைக்கு வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிப்பதில்லை. வெறும் சூடு. இப்படி ஒரு நெற்றி

(இங்கே எழுதியதை அடித்துவிட்டேன்.)

மே 1, புதன்

மே தினம், எல்லாருக்கும் விடுமுறை. கோழிக் குழம்பு வைத்தேன். சம்பந்தியம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சம்மந்தி, எலும்பு கடிக்கலையா? இந்தப் பல்ல வச்சுக்கிட்டு?" என்றார். செவ்வாய், புதன் கவிச்சி சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செண்பகம் ஒருமாதிரி பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் எந்தக் கிழமையும் பார்ப்பவள் இல்லை என்று.

சாயங்காலம் தட்டுக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அண்ணனுக்கு எத்தனை பல் இருந்துச்சு?"

"யார் எண்ணினா? போய் வேலையைப் பாரு."

"பேரு என்னம்மா அவனுக்கு? நீங்க சொன்னதே இல்ல."

தட்டு கைநழுவி விழுந்தது. நல்லவேளை, எவர்சில்வர்.

மே 3, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை. நாளை கத்திரி வெயில் தொடக்கம்.

மே 5, ஞாயிறு

ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன், வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்றேன். மதுரையில் இறங்கினால் பல் கடைக்கு அரைமணி நேரம்தான். செட்டை ஈறில் உரசும் இடத்தில் கொஞ்சம் ராவிக் கொடுப்பார்கள். செண்பகம், "லீவு போட முடியாதும்மா, நீங்களும் போனா இவனை யார் பாப்பா?" என்றாள். அதுவும் சரிதான்.

எழுதிவிட்டேன். செட் என்று எழுதிவிட்டேன். சரி. இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்?

என் மேல்வரிசையில் எனக்கென்று முளைத்தது நான்கே பல். முன்னால் இரண்டும் முள் மாதிரி. ஆறாம் வகுப்பில் முதல் நாள் வருகைப்பதிவில் "உள்ளேன் ஐயா" என்று வாய் திறந்தேன். பின்பெஞ்சில் ஒரு பையன் "பூனை, பூனை" என்றான். வகுப்பே மியாவ் என்றது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்று மைல் என்பதும் பொய் இல்லை.

கல்யாணம் பேசுமுன் அப்பா மதுரைக்குக் கூட்டிப்போனார். சீனாக்காரர் ஒருவர் பல் கடை வைத்திருந்தார். இருந்த நாலையும் பிடுங்கிவிட்டு முழுவரிசையாகச் செட் செய்து கொடுத்தார். அப்போது எனக்குப் பதினேழு. "புருஷன் வீட்ல யாருக்கும் தெரியக்கூடாது. தூங்கும்போதும் கழட்டாதே" என்று அப்பா சத்தியம் வாங்கினார். கழற்றியதில்லை. முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தி அவர் போய்ச்சேரும்வரை அவருக்குத் தெரியாது. இப்போது இருப்பது மூன்றாவது செட்.

தாழ்ப்பாள் உள்ள வீட்டிலேயே வாழ்ந்தவள் நான். இங்கே தாழ்ப்பாள் இல்லை.

மே 7, செவ்வாய்

டிவியில் நாற்பத்தொன்று என்றார்கள். தர்ஷன் பகல் முழுக்கத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தான். விளையாடவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன், "அழுக்கு, அழுக்கு" என்று சொல்லிக்கொண்டு. சம்பந்தியம்மா, "அவன் என்ன சேத்துலயா பொரண்டான்?" என்றார்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் செண்பகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்துவிட்டார். காபி போட எழுந்துவிட்டேன்.

ரத்தமுடிவு வந்தால் தானாகத் தெரிந்துவிடும். இன்னும் மூன்று வாரம்தான். அதுவரை நனைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

மே 9, வியாழன்

நேற்று நடந்ததா, இன்று நடந்ததா என்று இருக்கிறது. இன்றுதான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தர்ஷன் தூங்குகிறான். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இதிலும் பொய் எழுதினால் நான் மனுஷியே இல்லை.

காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் கிடையாது, பராமரிப்பு வேலை என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்குள் வீடு அடுப்பாகிவிட்டது. தர்ஷன் முதலில் சிணுங்கினான். பிறகு சிணுங்கவில்லை. தொட்டால் கை சுட்டது. முதுகிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

சம்பந்தியம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்துருக்கா சம்மந்தி. சித்திரை மாசம், வீட்டுக்கு வந்துட்டா. பயப்படாதீங்க. ஜன்னலைச் சாத்துங்க, அனல் காத்து படக்கூடாது. தண்ணி மேல படக்கூடாது. ஒரு கொத்து வேப்பிலை இருந்தா போதும்."

நான் சாத்தினேன். ஒரு ஜன்னல் இல்லை, மூன்றையும் என் கையால் சாத்தினேன். பால்கனிக்கு எட்டுகிற வேப்பமரத்தில் கொப்பு ஒடித்துவந்து பாயில் பரப்பினேன். பிள்ளையை அதில் கிடத்தினேன். அடுப்பை அணைத்தேன், தாளிக்கிற வாசனை ஆகாது என்று. எல்லாம் எனக்கு மனப்பாடம். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் மாமியார் இதையே சொன்னார். அன்றைக்கும் நான்தான் ஜன்னல் சாத்தினேன்.

அன்றைக்கு மூன்று நாள். குளிப்பாட்டவில்லை. பிள்ளை நாக்கு வறண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கும் இரண்டு பல்தான், முள் மாதிரி. அவன் நெற்றியும் உப்புக் கரிக்காது. மூன்றாம் நாள் காலையில் ஆத்தா கூட்டிக்கொண்டாள் என்றார்கள். ஒரு கொப்புளம்கூட அவன் மேல் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாயைத் திறந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியுமே.

இன்றைக்கு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செண்பகத்துக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மணி அடிக்கவே இல்லை. தர்ஷன் கண் பாதி மூடிக்கிடந்தது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். உப்பு இல்லை.

அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர், கொதிக்கிறது. அடுக்களைக்கு ஓடினேன். குடிக்கிற கேன் இரண்டு இருந்தது. ஒன்றைச் சாய்த்து அவன் தலைமேலேயே விட்டேன். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு என்றில்லை, கேனோடு.

"ஐயோ, என்ன பண்றீங்க! ஆத்தா இருக்கற ஒடம்புல தண்ணி ஊத்தறீங்களா? மூணு தண்ணி ஊத்தறதுக்கு நாளு கெழமை இல்லையா? எம் பேரனைக் கொல்லப் பாக்கறீங்களா?"

வாக்கர் டக்டக் என்று அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டது. அவர் கை என் தோளைப் பிடித்து இழுத்தது.

"கைய எடுங்க மதினி! இப்படித்தான் ஒருத்தனைக் குடுத்தேன்!"

"என்ன ஒளர்றீங்க?"

சொல்லிப் புரியவைக்க எனக்கு நேரமில்லை. ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையால் வாயிலிருந்து செட்டைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தேன். அவரைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினேன்.

"எனக்கும் இவ்வளவுதான். எம் மூத்த மகனுக்கும் இவ்வளவுதான். இது ஆத்தா இல்ல. இது என் ரத்தம். இவனுக்கு வேர்க்காது, தண்ணி ஊத்தலைன்னா செத்துப்போவான்."

செட் இல்லாமல் பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். அவருக்கு என்ன கேட்டதோ. என் வாயைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். வாக்கரைத் திருப்பினார். போய் ஆத்தா படத்துக்கு முன் உட்காரப்போகிறார் என்று நினைத்தேன். பிரிட்ஜைத் திறந்தார்.

"ஐஸ் பாதி உருகிருச்சு. இருக்கறதைத் தரேன். அக்குள்ள வைங்க." பிறகு தலையணையடியிலிருந்து சாவியைக் கொண்டுவந்து என் இடுப்பில் தானே செருகினார். "கீழ் வீட்டுத் தம்பிகிட்ட ஆட்டோ இருக்கு. ஓடுங்க சம்மந்தி."

இரண்டு மாடி இறங்கினேன், ஈரப் பிள்ளையோடு. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். ஆட்டோவில் ஏறியபிறகுதான் தெரிந்தது, செட் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது.

மே 10, வெள்ளி

சூடு இறங்கிவிட்டது. காலையில் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தான். விரலை விட்டு ஈறைத் தடவினான். "அம்மாச்சி, பல்லு எங்க?" என்றான். "வீட்ல இருக்கு" என்றேன். அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்ததுதான் காப்பாற்றியது என்று இங்கே டாக்டர் சொன்னார். செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் போனபிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூனை என்றதிலிருந்து மூன்று ஜன்னல் சாத்தினதுவரை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பதினஞ்சு நாள்மா" என்றாள். "டாக்டர் உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க. பதினஞ்சு நாள் நீங்க பனியனை நனைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கூலர் வந்திருக்கும். கரண்ட் இல்லாத வீட்ல இவனை விட்டுட்டுப் போயிருப்பேனா? இவன் போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இதுவும் அம்மைன்னா?"

 

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். சம்பந்தியம்மா ஒரு சம்படம் கொடுத்து அனுப்பியிருந்தார். சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, உள்ளே செட். கழுவியிருந்தார்.

புண் ஆறட்டும் என்று நான் போட்டுக்கொள்ளவில்லை.

மே 13, திங்கள்

வீட்டுக்கு வந்தோம். கூலர் ஓடுகிறது. சம்பந்தியம்மா முழங்காலுக்குப் போர்வை சுற்றிக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். தர்ஷனுக்கு ஈரப் பனியன், இரண்டு மணிக்கு ஒருமுறை. மாற்றுவது அவர் பொறுப்பாம். "உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?" என்கிறார்.

செண்பகம் என்னிடம் சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா என்பதற்கு மேல் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்.

குளியலறைக்குப் போனேன். கதவில் புதுத் தாழ்ப்பாள். மாப்பிள்ளை போட்டிருக்கிறார். தாழ்ப்பாள் போடாமலே வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

மே 18, சனி

மறுபடி மெர்லின் டாக்டர். இந்தத் தடவை நான் செட் போட்டுக்கொண்டு போனேன், மேஜைமேல் கழற்றி வைப்பதற்கு. அந்தப் பெண் கையுறை போட்டு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "நல்ல வேலைப்பாடு பாட்டி" என்றது. "மதுரை" என்றேன்.

தர்ஷனுக்குச் சீக்கிரமே குட்டியாகச் செட் செய்யலாமாம். இப்போதே பழகினால்தான் மெல்லவும் பேசவும் சரியாக வருமாம். வளர வளர மாற்ற வேண்டும். "பிள்ளைங்க முதல்ல துப்பிருவாங்க. அதான் கஷ்டம்" என்றது.

"மூணு நாள் எச்சில் ஊறும்" என்றேன். "நாலாம் நாள் நின்னுரும். முதல்ல மெதுவான இட்லி குடுக்கணும், ரெண்டு பக்கமும் சமமா மெல்லச் சொல்லணும். முன்பல்லால கடிச்சா பின்னாடி தூக்கிரும். ராத்திரி கழட்டித் தண்ணில போடணும். நான் போடலை, அதான் எனக்குப் புண்ணு."

டாக்டர் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது. செண்பகமும் கேட்டாள். ஐந்தாம் வகுப்பில் பாடம் ஒப்பித்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு ஒரு பெரிய தாளை எடுத்துக் குடும்பப் படம் போட்டது. பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் கட்டம். மேலே ஒரு வட்டம், அது நான். பக்கத்தில் கட்டம், அவர். கீழே செண்பகத்துக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே தர்ஷனுக்கு ஒரு கட்டம், அதை முழுக்கக் கறுப்பாக்கியது. பிறகு செண்பகத்தின் வட்டத்துக்கு இடப்பக்கம் இன்னொரு கட்டம் போட்டது. மூத்தவர் இடப்பக்கமாம். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார்களாம். எனக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கோடு. இதிலும் ஒரு கோடு இழுத்தது.

"எத்தனை வயசு பாட்டி?"

"ஒண்ணரை. ஒண்ணரையும் பதினோரு நாளும்."

எழுதிக்கொண்டது.

"பேரு எழுதலையா?" என்றேன்.

"இதுக்குப் பேர் வேண்டாம் பாட்டி. கட்டம் போதும்."

"பேனாவக் குடுங்க."

டாக்டர் பெண் கொடுத்தது. செண்பகம் குனிந்து பார்த்தாள். நாற்பது வருடமாக நான் எழுதாத பெயர். ஆனாலும் கை மறக்கவில்லை. கட்டம் ரொம்பச் சின்னது. "அய்யா" மட்டும்தான் உள்ளே அடங்கியது. "த்துரை" கோட்டைத் தாண்டி வெளியே நீண்டு, செண்பகத்தின் வட்டத்தில் போய் முட்டி நின்றது.